காற்றா, வெள்ளமா? காப்புறுதிப் பணம் மறுக்கப்படும்போது

புயல் கடந்து ஒரு வாரம் போனால் என்னைப் போன்ற கட்டடப் பொருள் வியாபாரிகளின் கடைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். ஒரு சாரார் ஓடு, சீற், சீமெந்து என்று வாங்கிக்கொண்டு போவார்கள். மறுசாரார் ஒன்றும் வாங்க மாட்டார்கள். "நானா, ஒரு கொட்டேசன் மட்டும் எழுதித் தாருங்கோ" என்பார்கள். அது காப்புறுதிக் கொம்பனிக்குப் போகிற காகிதம். 2025 நவம்பர் 28 ஆம் திகதி டித்வா புயல் நாட்டைத் தாக்கிய பின்னரும் இப்படித்தான் நடந்தது. அறுநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோன அந்த அனர்த்தத்தில் மலைநாடு பட்ட பாட்டோடு பார்த்தால் எமது தீவுப்பகுதியின் இழப்பு சிறிதுதான். ஆனால் ஓடு பறந்தவனுக்கு அவனுடைய கூரைதான் பெரிது.

சில மாதங்கள் கழிந்தால் மூன்றாவது வகையினர் வரத் தொடங்குவார்கள். இவர்களுடைய கையில் ஒரு கடிதம் இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில், மூன்று நான்கு வரிகளில், "உங்கள் கோரிக்கையை ஏற்க முடியாமைக்கு வருந்துகிறோம்" என்று இருக்கும். கரம்பொன்னைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அப்படி ஒரு கடிதத்துடன் வந்தார். கொம்பனியின் பெயர் இங்கே வேண்டாம். "நானா, மூண்டு வரியிலை முடிச்சுப்போட்டாங்கள். ஏன் எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். வாசித்தேன். கூரையால் நீர் புகுந்தது புயலினால் அல்ல, நாட்பட்ட தேய்மானத்தினால் என்று எழுதியிருந்தது. பத்திரத்தின் எந்த வாசகத்தின்படி என்று இல்லை. யார் வந்து பார்த்தார், எப்போது பார்த்தார் என்பதும் இல்லை.

"மாஸ்டர், இதற்கு இன்னும் வழி இருக்கிறது" என்று சொல்லி அவரை இருக்கச் செய்தேன். அவருக்குச் சொன்னதையும், வேறு இடங்களில் நடந்தவற்றையும் சேர்த்து இந்த வாரம் எழுதுகிறேன். எமது வாசகர்களில் பலருக்குக் கடையும் வீடும் ஒரே கட்டடம் என்பதால் விடயம் இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு அடிப்படையை விளங்கிக்கொள்ள வேண்டும். சேதம் எவ்வளவு என்பதைக் கொம்பனி இரண்டாவதாகத்தான் பார்க்கும். சேதம் எதனால் வந்தது என்பதே அதன் முதல் கேள்வி. சாதாரண தீக் காப்புறுதிப் பத்திரம் தீயையும் மின்னலையும்தான் மூடுகிறது. புயல், கடுங்காற்று, வெள்ளம், நில அதிர்வு, சுனாமி எல்லாம் மேலதிகக் கட்டுப்பணம் செலுத்திச் சேர்த்துக்கொள்ள வேண்டியவை. சிலருடைய பத்திரத்தில் புயல் இருக்கும், வெள்ளம் இருக்காது. இரண்டும் இருந்தாலும், மழைநீர் உள்ளே வந்தது காற்று பெயர்த்த வழியாலா, முன்பே இருந்த வெடிப்பாலா என்று கேட்பார்கள். காற்று ஓட்டைப் பெயர்த்து அதன் வழியே மழை புகுந்தால் கொடுப்பார்கள். ஓடு பெயராமல் பழைய ஒழுக்கால் புகுந்தால் கொடுக்க மாட்டார்கள். மதில், வேலி, கேற் ஆகியவற்றைப் புயல் சேதத்திலிருந்து விலக்கி வைத்த பத்திரங்களும் நிறைய உண்டு. பனை விழுந்து மதிலும் கூரையும் சேர்ந்து உடைந்தால் கூரைக்கு மட்டும் பணம் வருவது இதனால்தான்.

இந்தக் காற்று, வெள்ளப் பிரச்சினை எமது ஊருக்கு மட்டும் உரியதல்ல. 2005 ஓகஸ்ட் 29 ஆம் திகதி அமெரிக்காவின் தென்கரையைக் கத்ரீனா சூறாவளி தாக்கியது. அந்நாட்டில் சாதாரண வீட்டுக் காப்புறுதி காற்றுச் சேதத்தை மூடும், வெள்ளத்தை மூடாது. வெள்ளத்துக்கு மத்திய அரசின் தனித் திட்டம் இருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்தின் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் வெறும் அத்திவாரத்துடன் நின்றன. சுவரே இல்லாத இடத்தில் காற்று முதலில் உடைத்ததா, கடல்நீர் முதலில் உடைத்ததா என்று யார் சொல்வது? கடல்நீர்தான் என்று கொம்பனிகள் கையை விரித்தன. செனட் சபையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த ட்ரென்ட் லொட் என்பவரின் பாஸ்ககூலா நகர வீட்டுக்கே ஸ்டேட் ஃபார்ம் கொம்பனி பணம் கொடுக்கவில்லை. அவர் வழக்குத் தொடர்ந்து, 2007 இல் இணக்கத்துக்கு வந்தார். அவ்வளவு செல்வாக்குள்ள மனிதருக்கே நீதிமன்றம் போக வேண்டி வந்தது என்றால் சாதாரண ஆட்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

அதே கொம்பனியின் மீது வந்த இன்னொரு வழக்கை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நட்ட மதிப்பீட்டு வேலை செய்த இரண்டு சகோதரிகள் உள்ளிருந்த காகிதங்களை வெளியே கொண்டுவந்தார்கள். பிலொக்ஸி நகரில் ஒரு வீட்டைப் பார்த்த பொறியியலாளர் முதல் அறிக்கையில் சேதத்துக்குக் காரணம் காற்று என்று எழுதியிருந்தார். பிறகு அதே வீட்டுக்கு இரண்டாவது அறிக்கை ஒன்று வந்தது. அதில் காரணம் தண்ணீர். முதல் அறிக்கையின் மேல் ஒட்டியிருந்த சிறு துண்டில், இதைக் காற்றுக் கோப்பில் போடு, பணம் கொடுக்காதே, யாருடனும் பேசாதே என்ற கருத்தில் எழுதியிருந்தது. காற்று என்றால் கொம்பனி தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும், வெள்ளம் என்றால் அரசாங்கத்தின் திட்டம் கொடுக்கும். அந்த வீட்டுக்கு அரசின் வெள்ளத் திட்டத்திலிருந்து 250,000 டொலர் போயிருந்தது. 2013 இல் ஜூரிகள் கொம்பனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். சட்ட நடைமுறை பற்றிய ஆட்சேபத்துடன் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 டிசம்பரில் அங்கும் கொம்பனி தோற்றது. புயல் அடித்து பதினொரு வருடம்.

எமது நாட்டில் எல்லாக் கொம்பனியும் இப்படிச் செய்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. சேதத்தின் காரணத்தை முதலில் எழுதுகிற காகிதம் எவ்வளவு பெறுமதியானது என்பதைக் காட்டவே இதைச் சொன்னேன். இங்கே அந்தக் காகிதத்தை எழுதுபவர் அசெசர் என்று நாம் சொல்கிற நட்ட மதிப்பீட்டாளர். அவர் யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ பண்ணைப் பாலம் கடந்து வருவதற்குள் இரண்டு மூன்று வாரம் போயிருக்கலாம். அதற்குள் வீட்டுக்காரர் என்ன செய்வார்? மழைக்காலத்தில் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்க முடியாது. உடைந்த ஓட்டை எறிந்துவிட்டுப் புது ஓடு போட்டு, சுவருக்கு வெள்ளையும் அடித்துவிடுவார். அசெசர் வந்து பார்க்கும்போது சேதம் இருக்காது, சுவரில் பழைய ஈரக்கறை மட்டும் இருக்கும். அவர் தேய்மானம் என்று எழுதுவதில் ஆச்சரியமில்லை. தீவுப்பகுதியில் சுண்ணக்கல்லால் கட்டிய பழைய வீடுகள் அதிகம். உப்புக் காற்று பட்டு ஆணியும் கம்பியும் துருப்பிடித்திருக்கும். கொழும்பிலிருந்து வருபவரின் கண்ணுக்கு இந்த வீடுகள் எல்லாமே தேய்ந்தவைதான்.

மேலும் சேதம் வராமல் தற்காலிகமாக மூடுவதற்கு வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. தறப்பாள் போடுவதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு முன் திகதியுடன் படம் எடுக்க வேண்டும். வெளியிலிருந்து கூரையையும், உள்ளிருந்து வானம் தெரிகிற ஓட்டையையும், விழுந்த ஓட்டையும் எடுக்க வேண்டும். உடைந்த ஓட்டில் பத்துத் துண்டை ஒரு சாக்கில் போட்டு வைத்துவிட வேண்டும். புதிதாக உடைந்த ஓட்டின் முகம் சிவப்பாக இருக்கும், பழைய உடைவில் பாசி பிடித்திருக்கும். இதை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை, ஓடு விற்றுப் பழகியதில் தெரிந்துகொண்டது. கிராம உத்தியோகத்தரின் கடிதத்திலும் "வீடு சேதம்" என்று பொதுவாக எழுதாமல், இன்ன திகதி காற்றினால் ஓடுகள் பெயர்ந்து மழைநீர் புகுந்தது என்று எழுதிக் கேட்க வேண்டும். அன்றைய காற்றின் வேகமும் மழை அளவும் வளிமண்டலவியல் திணைக்களத்தில் பதிவாகியிருக்கும். தேவையானால் அதையும் எழுத்தில் கேட்டுப் பெறலாம்.

வெள்ளம் புகுந்த கடைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குளிரூட்டி, மோட்டர் போன்றவற்றை உலராமல் ஓடவிட்டுப் பார்க்கக் கூடாது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் தண்ணீரில் நின்ற கார்களை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்த பலருக்கு எஞ்சினுக்கான பணம் மறுக்கப்பட்டது. எஞ்சினைக் கெடுத்தது வெள்ளம் அல்ல, நீங்கள் ஸ்டார்ட் பண்ணியதுதான் என்பது கொம்பனிகளின் வாதம்.

முழுவதும் மறுக்காமல் பாதியைக் கொடுக்கிறபோது வருகிற சண்டை வேறு. இதற்குக் காரணம் அவரேஜ் விதி. ஒரு கணக்கைப் பார்ப்போம். உங்கள் வீட்டை இன்று திரும்பக் கட்ட 80 இலட்சம் வேண்டும். நீங்கள் காப்புறுதி செய்திருப்பது 40 இலட்சத்துக்கு. புயலில் 6 இலட்சம் சேதம். 6 இலட்சம் 40 இலட்சத்துக்குள் தானே இருக்கிறது, முழுவதும் வரும் என்று நினைப்பீர்கள். வராது. வீட்டின் பெறுமதியில் பாதிக்குத்தான் காப்புறுதி செய்தீர்கள், ஆகவே சேதத்திலும் பாதிதான் என்று 3 இலட்சம் ஆக்குவார்கள். பத்திரத்தில் நீங்கள் தாங்க வேண்டிய பங்கு 10 வீதம் என்று இருந்தால் அதையும் கழித்து 2 இலட்சத்து 70 ஆயிரம்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த விதி பெரிய அடியாக விழுகிறது. 2021 நடுப்பகுதியில் ஒரு மூடை சீமெந்து ஆயிரம் ரூபாய் அளவில் விற்றோம். 2022 இல் அது மூவாயிரத்தைத் தாண்டியது. பிறகு குறைந்தது, ஆனால் பழைய விலைக்குத் திரும்பவில்லை. கம்பி, ஓடு, கூலி எல்லாம் அப்படித்தான். 2019 இல் சரியான தொகைக்குக் காப்புறுதி செய்தவர் அதே தொகைக்கு ஒவ்வொரு வருடமும் புதுப்பித்துக்கொண்டு வந்தால், கட்டுப்பணத்தை ஒழுங்காகச் செலுத்தியும் இன்று அவர் குறைவாகக் காப்புறுதி செய்தவர்தான். கொம்பனியின் ஏஜென்டும் இதைச் சொல்வதில்லை. புதுப்பிக்கிற மாதம் வந்தால் மேசனைக் கூப்பிட்டுச் சதுர அடிக் கணக்கு ஒன்று போடுங்கள். காணியின் விலையை அதில் சேர்க்க வேண்டாம், புயல் காணியைக் கொண்டு போவதில்லை.

தீவுப்பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் யுத்தத்தால் ஊர்காவற்றுறை, கரம்பொன், வேலணைப் பக்கத்து வீடுகள் ஆளின்றிப் போயின. உறுதியில் பெயருள்ளவர் இன்று கனடாவிலோ இலண்டனிலோ இருப்பார். வீட்டில் அவருடைய மச்சானோ, பார்த்துக்கொள்கிற ஒருவரோ இருப்பார். கட்டுப்பணம் கட்டுவதும் இருப்பவர்தான். புயல் வந்து கோரிக்கை போட்டால், வீடு உங்களுடையது அல்லவே, இழப்பு உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்பார்கள். சட்டப்படி அது நியாயமான கேள்வி. சொத்தில் உரித்துள்ளவர்தான் காப்புறுதி செய்யலாம். உறுதிக்காரரின் பெயரில் பத்திரத்தை எடுத்து, இருப்பவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்தால் இந்தக் கேள்வி எழாது. வீடு பூட்டிக் கிடந்தால் வேறு ஆபத்து. 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால், முன்கூட்டிக் கொம்பனிக்கு அறிவித்து ஒப்புதல் பெற்றிருந்தாலன்றிப் பாதுகாப்பு நின்றுவிடும் என்று பல தீக் காப்புறுதிப் பத்திரங்களில் எழுதியிருக்கிறது. கோடை விடுமுறைக்கு மட்டும் திறக்கிற வீடுகள் எத்தனை இங்கே இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும்.

வங்கிக் கடனில் கட்டிய வீடு என்றால் பத்திரம் வங்கியின் பெட்டியில் இருக்கும். சிலர் அதைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள். அது வீட்டின் பெறுமதிக்கா, கடன் தொகைக்கு மட்டுமா என்று இப்போதே போய்ப் பிரதி ஒன்று கேளுங்கள். பணம் வந்தாலும் முதல் உரிமை வங்கிக்குத்தான்.

எமது சமூக வர்த்தகர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொரு வாசகம் கலவரம் பற்றியது. 2018 மார்ச்சில் திகனையிலும் 2019 மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் கடைகள் எரிந்தன. தீக் காப்புறுதி இருந்தால் எந்தத் தீக்கும் பணம் வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. வேலைநிறுத்தம், கலவரம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றால் வருகிற தீக்குத் தனி மேலதிகப் பாதுகாப்பு வேண்டும். அது இல்லாதவருக்கு அரசாங்கத்தின் நட்டஈட்டைத் தவிர வேறு வழி இல்லை. தகாஃபுல் முறையில் எடுத்தவர்களும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பணத்தைக் கையாளும் முறைதான் அங்கே வேறு. எது மூடப்படும், எது மூடப்படாது என்பதும் அவரேஜ் விதியும் பெரும்பாலும் ஒன்றே.

அரசாங்கம் தருவதையும் காப்புறுதியையும் போட்டுக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. டித்வாவுக்குப் பின் வீட்டைச் சுத்தம் செய்ய 25,000 ரூபாயும், முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபாய் வரையும் அரசாங்கம் அறிவித்தது. அது நிவாரணம். 2016 ஏப்ரலில் தொடங்கிய தேசிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. கட்டுப்பணத்தை அரசாங்கமே கட்டி, தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக ஒரு வீட்டுக்கு 25 இலட்சம் ரூபாய் வரை என்று சொன்னார்கள். அடுத்த மாதமே களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் மூழ்கியது, அரநாயக்கவில் மலை சரிந்தது. ஒவ்வொரு வீடாகப் பார்த்து மதிப்பிட வேண்டிய வேலை செயலகங்களின் மேல் விழுந்ததால் மக்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். தனியார் கொம்பனியிலும் தாமதம் உண்டு. ஆனால் அங்கே உங்கள் கையில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது.

இந்தியாவில் 2002 ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே இதற்குக் கெடு வைத்தார்கள். அறிவித்து 72 மணித்தியாலத்துக்குள் அசெசரை நியமிக்க வேண்டும், அவர் 30 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கிடைத்து 30 நாளில் கொம்பனி முடிவு சொல்ல வேண்டும், கொடுக்கப் பிந்தினால் வங்கி வீதத்துக்கு மேல் 2 வீதம் வட்டி. நாமும் எமது கடிதங்களில் திகதியைக் கேட்டுப் பழக வேண்டும். தொலைபேசியில் "அடுத்த கிழமை பார்க்கலாம்" என்று சொல்வதற்குச் சாட்சி இல்லை. பேசி முடித்ததும், இன்ன நாள் இன்னாருடன் பேசியபோது இவ்வாறு சொன்னீர்கள் என்று ஒரு ஈமெயிலோ பதிவுத் தபாலோ அனுப்பினால் அது சாட்சியாகிவிடும்.

கரம்பொன் மாஸ்டரும் அப்படித்தான் எழுதினார். பத்திரத்தின் எந்த இலக்க நிபந்தனையின் கீழ் மறுக்கிறீர்கள், அசெசரின் அறிக்கையில் காரணம் என்ன, அதன் பிரதியைத் தருவீர்களா என்று மூன்று கேள்விகள் மட்டும். கோபமாக ஒரு சொல்லும் இல்லை. கூடவே மகன் போனில் எடுத்த படங்களையும், சாக்கில் ஓட்டுத் துண்டு இருக்கிறது என்ற தகவலையும் சேர்த்தார். ஐந்து வாரத்தில் வேறொரு அசெசர் வந்தார். கூரையின் மேற்குப் பக்கத்துக்கும் அதன் கீழ் இருந்த அறைக்கும் பணம் கொடுத்தார்கள். சமையலறைப் பக்கம் பழைய ஒழுக்கு என்பதில் அவர்கள் மாறவில்லை. அதுவும் உண்மைதான் என்று மாஸ்டரே சொன்னார்.

அப்படி எழுதியும் பயன் இல்லாவிட்டால், முதலில் கொம்பனியின் தலைமை அலுவலக முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதி அவர்களுடைய இறுதிப் பதிலைப் பெற வேண்டும். கிளையில் சண்டை பிடித்துப் பயனில்லை. அதன்பின் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். 2005 இல் தொடங்கிய ஏற்பாடு இது, கட்டணம் கிடையாது, சட்டத்தரணியும் தேவையில்லை. அங்கே உங்கள் தொகைக்கு இடமுண்டா என்பதை எழுதுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கொம்பனியின் நடத்தை பற்றிய முறைப்பாட்டை 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். கொழும்பு உலக வர்த்தக மையத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது. இவற்றுக்கும் அப்பால்தான் நடுத்தீர்ப்பும் நீதிமன்றமும். ஆனால் கடிதம் எழுதிக்கொண்டே காலத்தைப் போக்கிவிடக் கூடாது. சேதம் நடந்து 12 மாதத்துக்குள் வழக்கோ நடுத்தீர்ப்போ தொடங்காவிட்டால் பொறுப்பில்லை என்று பல பத்திரங்களில் இருக்கிறது. அந்தத் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

கடைசியாக, பணம் தருகிறோம் என்று வருகிற நாள். காசோலைக்கு முன் ஒரு வவுச்சரில் கையொப்பம் கேட்பார்கள். "முழுமையானதும் இறுதியானதுமான தீர்வாக" என்று அதில் இருக்கும். அவசரத்தில் கையொப்பம் வைத்துவிட்டால், மீதிக்குப் பிறகு ஒம்புட்ஸ்மனிடம் போவது மிகக் கடினம். தொகை குறைவு என்று நினைத்தால் வவுச்சரைத் திருப்பிக் கொடுத்து, ஒத்துக்கொண்ட பகுதியை மட்டும் முற்பணமாகத் தாருங்கள், மீதிக்கான எனது கோரிக்கை நிலுவையில் இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். சில கொம்பனிகள் சம்மதிக்கும். சம்மதிக்காதவர்கள் அதை எழுத்தில் மறுக்க வேண்டி வரும், அந்தக் கடிதத்தையும் கோப்பில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.